அப்புச்சியின் பியட்டும் ஞாயிற்றுக்கிழமை ஆட்களும்

மாமன் தோட்டத்துச் சாளையில் பதினேழு வருடமாகத் தேங்காய் மட்டைக்கு நடுவில் நின்ற வண்டி இது. ஆர்.சி. புத்தகத்தில் பிரீமியர் பத்மினி, 1978 மாடல். எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. பியட் 1100 என்று இருந்ததற்கு 1974-லேயே பத்மினி என்று பெயர் வைத்துவிட்டார்கள் என்றாலும் பொள்ளாச்சிப் பக்கம் அது கடைசி வரைக்கும் பியட்தான். அப்புச்சி சந்தைக்குப் போனதும் அதில்தான், அம்மாவைக் கட்டிக்கொடுத்து அனுப்பியதும் அதில்தான்.

தை மாதம் போய்க் கேட்டேன். "எடைக்குப் போட்டா இரும்பு வெலதான் மாப்ள, எடுத்துட்டுப் போ. ஆனா உங்கூட்டு வாசல்ல சும்மா நிறுத்தி வெச்சு எங்க மானத்த வாங்கீராத" என்றார் மாமன். டிராக்டரில் கட்டி இழுத்து வந்தோம். பின்சீட்டைத் தூக்கினால் ஒரு எலிக் குடும்பம்.

நான் தென்னை நார் மில்லில் கணக்கு எழுதுகிறவன். பஞ்சர் ஆனால் ஸ்டெப்னி மாற்றத் தெரியும், அவ்வளவுதான். இந்த வேலை நடந்ததற்குக் காரணம் மூன்று பேர். அவர்கள் பெயரைச் சொன்னால் எங்கள் பக்கம் பாதிப் பேருக்குத் தெரியாது, வைத்திருக்கிற வண்டியைச் சொன்னால் தெரியும்: உடுமலை ஹெரால்டு அண்ணன், அம்பாசிடர் வாத்தியார், ஜாவா தம்பி. கோயமுத்தூர் உக்கடத்தில் பழைய சாமான் தேடிப் போன இடத்தில் ஹெரால்டு அண்ணன் பழக்கமானார். மற்ற இருவரும் அவர் மூலமாக வந்தவர்கள். ஞாயிறு பத்து மணிக்கு வந்துவிடுவார்கள். வந்ததும் முதல் கேள்வி, "இந்த வாரம் என்ன பண்ணுனீங்க?" ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல வெட்கமாக இருக்கும். அதற்காகவே சனிக்கிழமை பொழுதோட ஒரு போல்ட்டாவது கழற்றிவைப்பேன்.

மாசி

இன்ஜின் சிக்கிக் கிடந்தது. நான்கு பிளக்கையும் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றி, எட்டு நாள் ஊறவிட்டேன். ஒன்பதாம் நாள் கிராங்க் நட்டில் ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால், மலையை அசைக்கிற மாதிரி இருந்தது. ஸ்பேனருக்கு ஒரு பைப்பை மாட்டப் போனேன். வாத்தியார் கையைப் பிடித்துக்கொண்டார். "பலத்தக் காட்டாதீங்க தம்பி. ஊறட்டும். ஊறுனா அதுவா வரும்."

இன்னும் நாலு நாள் ஊறியது. பதின்மூன்றாம் நாள் காலையில் முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் என்று ஆட்டிக்கொண்டிருந்தபோது, கதவுக் கீல் முனகுகிற மாதிரி ஒரு சத்தம். ஸ்பேனர் ஒரு விரற்கடை நகர்ந்தது. அப்போது பக்கத்தில் யாருமில்லை. மூன்று பேருக்கும் போன் போட்டுச் சொன்னேன்.

ஹெட்டைக் கழற்றிப் பார்த்ததில் மூன்றாவது சிலிண்டர்தான் மோசம். ரிங் நின்ற இடத்தில் துரு குழியாகவே அரித்திருந்தது. கோயமுத்தூரில் கொடுத்து நான்கு சிலிண்டரையும் 0.4 மி.மீ. ஓவர்சைஸுக்கு போர் செய்தோம், அதாவது அவ்வளவு அகலமாகக் கடைந்தோம். ஒரிஜினல் போர் (சிலிண்டரின் விட்டம்) 68 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 75 மி.மீ., நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து 1089 சி.சி. இப்போது போர் 68.4. ஜாவா தம்பி செல்போனில் கணக்குப் போட்டு, "அண்ணா, 1102 வருதுங்ணா!" என்றான். பியட் 1100 என்று இத்தனை வருடம் சொன்னதற்கு வண்டி இப்போதுதான் நியாயம் செய்திருக்கிறது.

சித்திரை

இந்த மாதம் செய்த தப்பைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், வேறு யாரும் செய்துவிடக் கூடாது.

ஹெரால்டு காரில் சேஸி (அடிச்சட்டம்) தனி, பாடி தனி. பாடியை அவிழ்த்து ஓரமாக வைத்துவிட்டு வேலை செய்யலாம். பியட்டில் அப்படி இல்லை, பாடியேதான் சேஸி. கதவுக்குக் கீழே ஓடுகிற அந்த சில் பெட்டிதான் முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. எங்கள் வண்டியில் இடது பக்க சில், ஸ்குரூடிரைவரால் குத்தினால் அப்பளம் மாதிரி உதிர்ந்தது. கரூரில் பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் இருபது வருடம் வேலை பார்த்த டிங்கர் ஒருவர் கிடைத்தார். அவர் வரச் சொன்னது திங்கட்கிழமை. எனக்குப் பொறுமை இல்லை. ஞாயிற்றுக்கிழமையே கிரைண்டரை எடுத்து, அழுகிய தகடு முழுவதையும் நானே வெட்டி எடுத்துவிட்டேன். அன்றைக்குப் பார்த்து ஹெரால்டு அண்ணன் கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

டிங்கர் வந்து பார்த்தார். பேசாமல் பின்கதவைச் சாத்திப் பார்த்தார். கதவு சாத்திக்கொள்ளவில்லை. பூட்டு நாக்கு, தூணில் இருக்கும் கொண்டிக்கு 6 மி.மீ. கீழே இடித்தது. நடுவில் பிடிப்பு போனதும் வண்டி தொய்ந்துவிட்டது. "வெட்டறதுக்கு முன்னாடி கதவு சந்துல குறுக்கால ஒரு ஆங்கிள வெச்சு வெல்டு அடிச்சுக்கோணும்ங்க" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

ஜாக்கியை நடுவில் கொடுத்து, ஒரு சுற்று ஏற்றுவது, கதவைச் சாத்திப் பார்ப்பது, மறுபடி அரைச் சுற்று. மத்தியானம் வரை இதே வேலை. கதவு 'டப்' என்று விழுந்த பிறகுதான் ஆங்கிளை அடித்துப் பிடித்தார். புது சில் 18 கேஜ் தகட்டில் மடக்கியது. வெல்டையும் ஒரே கோடாக இழுக்காமல் இங்கே ஒரு பொட்டு, ஒரு சாண் தள்ளி ஒரு பொட்டு என்று வைத்தார். தகடு சூடேறி நெளியாமல் இருக்க அதுதான் வழி. வலது பக்கம் வெட்டும்போது முதல் வேலையாக ஆங்கிள் வைத்தோம்.

ஆடி

பெயின்டுக்கு ஒரிஜினல் கலர் வேண்டும் என்று தேடினோம். வெயில் படாத இடமாக டாஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் உள்ளங்கை அளவுக்கு ஒரு நீலம் பளிச்சென்று இருந்தது. அதை வைத்துக் கலந்து கொடுத்தார்கள்.

அடித்தது ஆடியில். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் ஊரில் என்ன செய்யும் என்று பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், இருந்தும் தார்ப்பாய் கட்டினால் போதும் என்று நினைத்தேன். "ஆவணி வரைக்கும் பொறுங்கண்ணா" என்று ஜாவா தம்பி சொன்னான்தான். இரண்டாவது கோட்டு அடித்து முடித்த அரை மணி நேரத்தில் மேற்குப் பக்கத் தார்ப்பாய் கயிறோடு பிய்த்துக்கொண்டு போனது. காலையில் பானெட்டைத் தடவினால் உப்புத்தாள். அதை உப்புத்தாளாலேயே தேய்த்தெடுக்க எனக்கு மூன்று வாரம் ஆனது.

மறு பெயின்ட் ஆவணியில். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நன்றாக வந்தது.

ஆவணி

ஜன்னல் கண்ணாடி ஏற்றி இறக்கும் கைப்பிடி ஒன்று இல்லை. உக்கடத்தில் கிடைத்தது வேறு வண்டியுடையது. ஜாவா தம்பி கோயமுத்தூர் கணபதியில் சி.என்.சி. (கம்ப்யூட்டர் கடைசல் மிஷின்) ஓட்டுகிறவன், அவனுக்குத் தெரிந்த வார்ப்பட ஆலைக்கு இருக்கிற கைப்பிடியை எடுத்துப் போனோம். அங்கிருந்த பெரியவர் அதைக் கையில் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதையே பேட்டர்னா வெச்சா அலுமினியம் ஆறும்போது சுருங்கீரும்ங்க, நூத்துக்கு ஒண்ணேகால் கொறையும்" என்றார். கைப்பிடிக்கு அதனால் நட்டமில்லை. நடுத்துளையை மட்டும் வார்க்காமல் மூடிவிட்டு, லேத்தில் போட்டு அளவுக்குக் கடைந்து கொடுத்தார்கள். பிரேக் வீல் சிலிண்டர்களும் அப்படித்தான். உள்ளே குழி விழுந்திருந்த நான்குக்கும் பித்தளை ஸ்லீவ் (குழாய் உறை) இறக்கிப் பழைய அளவுக்கே போர் செய்தாயிற்று. பம்புசெட்டும் மில் சாமானும் செய்து பழகிய ஊரில் ஸ்பேர் கிடைக்கவில்லை என்று அழ வேண்டியதில்லை, உடைந்த துண்டைத் தொலைக்காமல் வைத்திருந்தால் போதும்.

பிரேக் காற்று எடுக்கும் வேலைக்கு வீட்டுக்காரியைப் பெடலில் உட்காரவைத்தேன். "அமுக்கு... புடி... விடு." நாற்பது தடவைக்குப் பிறகு, "இதுக்கு மாவு ஆட்டறதே தேவலைங்க" என்றாள்.

பெட்ரோல் டியூப் எல்லாம் புதிது. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர் அதில் ஊறி இளகிவிடும்.

புரட்டாசி

50 வயது நிறைந்த வண்டிகளை விண்டேஜ் என்று பதிய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. நம்பரில் 'வி.ஏ.' என்று வரும், கட்டணம் 20,000 ரூபாய். "2028 வரைக்கும் பொறுத்தா உங்களுக்கும் கெடைக்கும்" என்றார் வாத்தியார். எனக்கு விருப்பமில்லை. அந்தப் பதிவில் அன்றாடம் ஓட்டக் கூடாது. அம்மாவை ஆனைமலைக் கோயிலுக்குக் கூட்டிப் போகாத வண்டி எனக்கு எதற்கு? சாதாரண எப்.சி.க்கே (ஓட்டத் தகுதிச் சான்று) எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

எப்.சி. ஆகாததால் தார் ரோட்டில் ஏற்றவில்லை. போன ஞாயிறு தோட்டத்திலிருந்து இட்டேரித் தடம் வழியாகப் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்கால் வரைக்கும் ஓட்டினோம். முன்னால் நானும் வாத்தியாரும், பின்னால் மற்ற இருவரும். ஸ்டியரிங்கில் இருக்கிற கியரில் இரண்டாவது எங்கே என்று கை தேடித் தேடிக் கண்டுபிடித்தது. இரண்டு பக்கமும் வேலிமுள் புதுப் பெயின்டைத் தொட்டுவிடுமோ என்று எனக்கு உயிரே இல்லை.

புரட்டாசி வெயில் பொன்னுருகக் காயும் என்பார்களே, அந்த வெயில். வாய்க்கால் கரையில் நிறுத்தி பத்து நிமிடம் நாயம் பேசிவிட்டுச் சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. கரண்ட் வருகிறது. கார்புரேட்டரில் பெட்ரோல் இல்லை. நான் பம்பைக் கழற்ற ஸ்பேனர் தேடினேன்.

வாத்தியார் தோளில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினார். வாய்க்காலில் நனைத்து, பிழியாமல் கொண்டுவந்து, பெட்ரோல் பம்பைச் சுற்றிக் கட்டினார். புஸ்ஸென்று ஆவி வந்தது. "சூட்டுல பம்புக்குள்ளயே பெட்ரோல் ஆவியாயிரும். ஆவிய பம்பு தள்ளாது. பியட் வெச்சிருந்தவிங்க எல்லாருமே முன்னாடி ஒரு ஈரத்துணி வெச்சிருப்பாங்க" என்றார். ஐந்து நிமிடம் கழித்து மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்ததும் துண்டை அவிழ்த்துக் கொடுத்தேன். மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "கெடக்கட்டும். இனி அது வண்டி சாமான்."

பானெட்டுக்குள் இப்போது அது மடித்துக் கிடக்கிறது. இரண்டாவது கியர் இறக்கத்தில் தானாகத் தெறிக்கிறது. அடுத்த ஞாயிறு கியர்பாக்ஸ்.