குத்துறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம்: என்ஐசியு (பச்சக் குழந்தைங்க தீவிர சிகிச்சைப் பிரிவு) நர்ஸோட நாட்குறிப்பு

மார்ச் 4, செவ்வாய்

நைட் டூட்டி. 29 வாரத்துல பொறந்த பொண்ணு, 1100 கிராம். சுகர் பாக்க குதிகால்ல குத்துனோம், சத்தமே வரல. புதுசா வந்த நர்ஸ் பொண்ணு "அழவே இல்ல சிஸ்டர், சமத்து"ன்னா. நான் அவள குழந்தையோட முகத்தப் பாக்கச் சொன்னேன். புருவம் நடுவுல புடைச்சு, கண்ண இறுக்கி மூடி, கைவிரல் அஞ்சும் விரிஞ்சு நிக்குது, சாச்சுரேஷன் (ரத்தத்துல ஆக்ஸிஜன் அளவு) 94ல இருந்து 85க்கு இறங்கிடுச்சு. அழுறதுக்குத் தெம்பு இல்ல, அவ்ளோதான். வலி முழுசா இருக்கு.

மார்ச் 6, வியாழன்

இன்னைக்கு ஆஃப். அந்தப் புது நர்ஸ் பொண்ணுக்கு சொல்றதுக்காக பழசெல்லாம் திரும்பப் படிச்சேன். 1980கள் வரைக்கும் பச்சக் குழந்தைக்கு வலி அவ்வளவா தெரியாதுன்னு நம்பி, பல இடத்துல அசையாம இருக்க மருந்து மட்டும் குடுத்து, வலிக்கு ஒண்ணுமே சரியா குடுக்காம ஆபரேஷனே பண்ணிருக்காங்க. இந்தூர்ல படிச்சிட்டு ஆக்ஸ்ஃபோர்டு போன டாக்டர் ஆனந்த், 1987ல, இதய ஆபரேஷன் பண்ண குறைமாசக் குழந்தைங்கள்ல ஃபென்டானில்ங்கிற வலி மருந்து குடுத்தவங்களுக்கு ஸ்ட்ரெஸ் ஹார்மோன் கம்மி, சிக்கலும் கம்மின்னு காட்டுனார். 1987ங்கிறது எங்க அக்கா பொறந்த வருஷம். நெஞ்சு பதறுது.

மார்ச் 11, செவ்வாய்

கண் டாக்டர் வர்ற நாள். ஆர்ஓபி (குறைமாசக் குழந்தைங்களுக்கு வர்ற விழித்திரை நோய்) செக்கப் தள்ளிப்போட முடியாது, விட்டா பார்வையே போயிடலாம், ஆனா இமைய கிளிப் வச்சு விரிக்கிறது அந்தப் பிஞ்சுகளுக்கு பெரிய கொடுமை. ஒரு குழந்தையோட அம்மா கேட்டாங்க:

"சிஸ்டர், நான் வெளிய நிக்கவா? என்னால பாக்க முடியாது."

"முகத்தப் பாக்க வேணாம்மா, கை மட்டும் குடுங்க. சோப்பு போட்டு முழங்கை வரைக்கும் கழுவிட்டு வாங்க."

ஒரு உள்ளங்கை தலையில, இன்னொண்ணு மடக்குன கால் மேல, வயித்துக்குள்ள சுருண்டு கெடந்த மாதிரி அணைச்சுப் பிடிக்கச் சொன்னேன். மரத்துப்போற சொட்டு கண்ணுல விட்டாச்சு. அவங்க பீச்சி வச்ச பால்ல சில சொட்டு நாக்குல விட்டு ரெண்டு நிமிஷம் காத்திருந்தோம் (வயிறு நிறைய குடுத்துடக் கூடாது, வாந்தி வரும்). கிளிப் வச்சதும் அழுதா தான். இதுல வலி முழுசா போகாது, பொய் சொல்ல மாட்டேன். ஆனா எடுத்ததும் சீக்கிரமே அடங்கிட்டா, சாச்சுரேஷனும் பெருசா இறங்கல. அந்தம்மா கைய எடுக்கவே இல்ல.

மார்ச் 13, வியாழன்

ரவுண்ட்ஸ்ல கேட்டுட்டேன். காலைல ஒண்ணு மதியம் ஒண்ணுன்னு எடுக்குற ரத்தத்த முடிஞ்ச வரைக்கும் ஒரே குத்துல எடுக்கலாமா, அம்மா நெஞ்சுல தோலோட தோல் ஒட்டி கங்காரு கேர்ல இருக்கும்போதே குதிகால்ல குத்தலாமான்னு. முதல் விஷயத்துக்கு சார் உடனே சரின்னுட்டார். ரெண்டாவது, நிலையா இருக்குற குழந்தைங்களுக்கு மட்டும், நாளைல இருந்து. இன்னைக்கு நைட்டு அந்தப் புதுப் பொண்ணுதான் டூட்டி, ஒவ்வொரு வார்மர்லயும் (குழந்தைய சூடா வைக்கிற படுக்கை) "குத்துறதுக்கு முன்னாடி பால்"னு எழுதி ஒட்டச் சொல்லிட்டு வந்திருக்கேன்.