பி.இ. முடிக்கும் நேரத்தில் கணிதம் பக்கம் திரும்புகிறவர்களுக்கு

பொறியியல் படிக்கும் பலருக்கு மூன்றாம் ஆண்டில்தான், சிலருக்கு இறுதியாண்டில்தான் இந்தக் கேள்வி வருகிறது: பி.இ. முடித்துவிட்டு எம்.எஸ்சி. கணிதம் சேர முடியுமா, அப்படியே ஆராய்ச்சிக்குப் போக முடியுமா? முடியும். சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகம் (சி.எம்.ஐ.) தன் எம்.எஸ்சி.க்கும், இந்தியப் புள்ளியியல் நிறுவனம் (ஐ.எஸ்.ஐ.) தன் எம்.மேத். என்ற கணித முதுநிலைப் படிப்புக்கும் பி.இ., பி.டெக். படித்தவர்களை நுழைவுத் தேர்வு எழுத விடுகின்றன. கதவு திறந்துதான் இருக்கிறது. சிக்கல் நாம் கையில் கொண்டுபோகும் கணிதத்தில்.

பொறியியல் கணிதத் தாள்களான எம்-1, எம்-2, டிபிடிஇ (உருமாற்றங்கள், பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள்) எல்லாவற்றிலும் உச்சமான ஓ கிரேடு வாங்கியவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். கெய்லி–ஹாமில்டன் தேற்றத்தை எத்தனையோ 3×3 மேட்ரிக்ஸுக்குச் சரிபார்த்து, இன்வர்ஸும் கண்டுபிடித்திருப்பார். ஒரு மேட்ரிக்ஸை அதன் சிறப்புச் சமன்பாட்டிலேயே போட்டால் பூஜ்ய மேட்ரிக்ஸ் வரும் என்கிறது அந்தத் தேற்றம். அது ஏன் உண்மை? பெரும்பாலும் வரும் பதில் இது: டிடர்மினன்டுக்குள் மேட்ரிக்ஸிலிருந்து லாம்டாவைக் கழிக்கிறோம், லாம்டாவின் இடத்தில் அதே மேட்ரிக்ஸைப் போட்டால் பூஜ்யம், முடிந்தது. இது தவறு. லாம்டா ஓர் எண். டிடர்மினன்டும் ஓர் எண். தேற்றம் சொல்வதோ பூஜ்ய மேட்ரிக்ஸைப் பற்றி. இதே தந்திரத்தை டிடர்மினன்டுக்குப் பதில் டிரேஸில் (மூலைவிட்ட எண்களின் கூட்டுத்தொகையில்) செய்து பாருங்கள். 2×2 மேட்ரிக்ஸில் மூலைவிட்டத்தில் 1, 0, மற்ற இடங்களில் பூஜ்யம் என்று வையுங்கள். டிரேஸ் தரும் கோவை: 1 கழித்தல் 2 லாம்டா. அதில் மேட்ரிக்ஸைப் போட்டால் மூலைவிட்டத்தில் −1, 1 வருகிறது, பூஜ்யம் வரவில்லை. ஆக, அந்த 'நிரூபணம்' பொய்யான கூற்றையும் நிரூபித்துவிடும். இதைப் படித்ததும் சரியான நிரூபணத்தைத் தேடி உட்காரத் தோன்றினால், இந்தப் பாதை உங்களுக்கானதுதான்.

ரியல் அனாலிசிஸில் சறுக்கும் இடம் வேறு. எப்சிலான் (சார்பின் மதிப்பில் அனுமதிக்கும் விலகல்) முதலில், டெல்டா (அதற்காக எக்ஸில் அனுமதிக்கும் விலகல்) பிறகு என்ற வரிசை எல்லோருக்கும் தெரியும். டெல்டா எதையெல்லாம் பொறுத்து மாறலாம் என்பதைத்தான் கவனிப்பதில்லை. பூஜ்யத்துக்கும் 1-க்கும் இடையே 'ஒன்றின் கீழ் எக்ஸ்' (1/x) தொடர்ச்சியான சார்பு. ஆனால் பூஜ்யத்தை நெருங்க நெருங்க டெல்டாவைச் சுருக்கிக்கொண்டே போக வேண்டும். எல்லாப் புள்ளிக்கும் பொதுவான ஒரு டெல்டா கிடையாது, அதனால் அது சீரான தொடர்ச்சி கொண்டதல்ல. 'எந்தப் புள்ளிக்கும்' என்ற சொல் டெல்டாவுக்கு முன்னால் வருகிறதா, பின்னால் வருகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. புதிதாக எழுதப் பழகுகிறவர்களின் நிரூபணங்களில் பெரும்பாதி இந்த இடத்தில்தான் உடைகிறது.

ஐந்தாம் செமஸ்டரில் தொடங்கினால் நிதானமாகப் படிக்கலாம். ரியல் அனாலிசிஸையும் லீனியர் ஆல்ஜீப்ராவையும் சேர்த்தே எடுங்கள், வாரத்துக்குப் பத்து மணி நேரமாவது வேண்டும். அடுத்து குரூப் தியரி, பிறகு மெட்ரிக் ஸ்பேஸ். என்.பி.டி.இ.எல். என்ற இணையப் பாடத் தளத்தில் இவற்றுக்கெல்லாம் இலவசப் பாடங்கள் உண்டு. ஆனால் வீடியோ பார்ப்பது படிப்பாகாது. தேற்றத்தைப் படித்து, புத்தகத்தை மூடி, நிரூபணத்தை வெள்ளைத்தாளில் முழு வாக்கியங்களாக எழுதுங்கள். மறுநாள் அதை வேறு யாரோ எழுதியதாக நினைத்துத் திருத்துங்கள். முதல் மாதம் ஒரு பக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம்கூட ஆகலாம். கணிதத் துறை ஆசிரியர் ஒருவரிடம் வாரம் ஒரு பக்கமாவது காட்ட முடிந்தால் அதைவிடப் பெரிய உதவி இல்லை.

தேர்வுகளில் ஒரு பொறி இருக்கிறது. ஐ.ஐ.டி.களின் எம்.எஸ்சி. சேர்க்கைக்காகப் பிப்ரவரியில் நடக்கும் ஜாம் தேர்வில் 3 மணி நேரத்தில் 60 கேள்விகள், 100 மதிப்பெண். எல்லாமே விடையைத் தேர்ந்தெடுப்பவை அல்லது எண்ணாக நிரப்புபவை. ஒரு வரி நிரூபணம்கூட எழுத வேண்டாம். அதற்கு மட்டும் தயாராகிறவர், நிரூபணம் எழுதச் சொல்லும் ஐ.எஸ்.ஐ.யின் பிற்பகல் தாளில் திணறுவார். இன்னொன்று: ஜாமில் நல்ல ரேங்க் எடுத்தாலும், இளநிலையில் கணிதம் நான்கு செமஸ்டராவது இருக்க வேண்டும் என்று சில ஐ.ஐ.டி.கள் கேட்கின்றன. உங்கள் துறையில் கணிதத் தாள்கள் மூன்றுதான் என்றால் சேர்க்கையின்போது மாட்டிக்கொள்வீர்கள். செப்டம்பர் வாக்கில் விண்ணப்பம் போடும்போதே ஒவ்வொரு ஐ.ஐ.டி.யின் தகுதிப் பட்டியலையும் தனித்தனியாகப் பாருங்கள்.

வெளிநாட்டு பிஎச்.டி. என்றால், அமெரிக்காவில் இளநிலைப் பட்டத்தோடு நேரடியாகச் சேரலாம். வகுப்பெடுக்கும் உதவியாளர் பணியில் செலவும் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் வழக்கமாக மூன்று பரிந்துரைக் கடிதங்கள் கேட்பார்கள். உங்கள் புராஜெக்ட் வழிகாட்டி எழுதும் 'கடின உழைப்பாளி' கடிதத்தால் அங்கே பயன் இல்லை. நீங்கள் எழுதிய நிரூபணத்தைப் பார்த்த ஒருவர் எழுத வேண்டும். பி.இ. முடித்த கையோடு இந்த மூன்று பேர் கிடைப்பது அரிது. அதனால்தான் முதலில் இங்கே எம்.எஸ்சி. படிப்பது நல்லது என்று சொல்கிறோம்.

எம்.எஸ்சி.க்கு இன்னொரு காரணமும் உண்டு. யு.ஜி.சி.யின் 2018 விதிகளின்படி உதவிப் பேராசிரியர் பணிக்குப் பொதுவாக அந்தப் பாடத்தில் அல்லது தொடர்புடைய பாடத்தில் முதுநிலைப் பட்டம் கேட்கிறார்கள். பி.இ.யிலிருந்து நேரடியாக பிஎச்.டி.க்குத் தாவிவிட்டு, பின்னாளில் கலை அறிவியல் கல்லூரியில் கணிதம் கற்பிக்க நினைக்கிறவருக்கு அந்த இடைவெளி அப்போது தடையாக வரலாம். முதுநிலையும் ஆராய்ச்சியும் சேர்ந்த ஒருங்கிணைந்த பிஎச்.டி.யில் சேர்கிறீர்களானால், வழியில் முதுநிலைப் பட்டம் தருகிறார்களா என்பதைச் சேருவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.