பாஸ்வேர்ட் சரி, ஆனால் உள்ளே விடுகுதில்லை

ஆவணி பிறந்தால் எங்கள் ஸ்ரூடியோவில் மூச்சுவிட நேரமிருக்காது. நல்லூர்த் திருவிழாவுக்கென்று கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிற குடும்பங்கள் அந்த லீவுக்குள்ளேயே கல்யாணத்தையும் வைத்து முடித்துவிட்டுப் பறந்துவிடுவார்கள், படம் எங்கே வீடியோ எங்கே என்ற கோல் எல்லாம் அவர்கள் திரும்பிப் போன பிறகுதான் வரும். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி, ஒரு கல்யாணத்தின் வீடியோவுக்கே அது காணாது. வட்ஸ்அப்பில் அனுப்பினால் படத்தின் தரம் போய்விடும்.

"தம்பி, ஆளுக்கொரு பாஸ்வேர்ட் குடுப்பம், அவையின்ர போல்டரை மட்டும் அவை பார்க்கோணும், மற்றவையின்ர கல்யாணத்தைப் பார்க்கக்கூடாது. செய்யலாமோ?" என்று முதலாளி அண்ணை கேட்டார். மாத வாடகைக்கு எடுத்த உபுண்டு சேர்வர் ஒன்று ஏற்கெனவே இருந்தது, செய்யலாம் என்றேன்.

பைல் அனுப்புவதற்கு எப்ரிபி (FTP) 1971 முதல் இருக்கிற முறை. அதைத் தனியே போட்டால் பாஸ்வேர்ட் மறைக்கப்படாமல் அப்படியே வெறும் எழுத்தாகப் போகும், அதோடு பைல் போய்வர வேறு போர்ட்டுகளும் (சேர்வரின் வாசல்கள்) திறக்க வேண்டும். அதனால் எஸ்எப்ரிபி (SFTP). பெயரில்தான் ஒற்றுமை, இது எஸ்எஸ்எச்சுக்குள்ளாலேயே (SSH, சேர்வருக்குள் பாதுகாப்பாக நுழைகிற வழி) போவது, 22ஆம் போர்ட் ஒன்றே போதும். புதிதாக எதையும் இன்ஸ்ரோல் பண்ணவும் தேவையில்லை, அதற்கான மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எச்சில் எல்லாம் இருக்கிறது.

யூசரை உருவாக்குவதும் பாஸ்வேர்ட் போடுவதும் பெரிய வேலையில்லை. வாடிக்கையாளர்களுக்கென ஒரு குறூப், அவர்களுக்கு கொமாண்ட் அடிக்க முடியாதபடி நோலொகின் ஷெல், அவ்வளவுதான். அப்புறம்தான் கூத்து. எஸ்எஸ்எச்சின் அமைப்புகள் இருக்கிற எஸ்எஸ்எச்டி கொன்பிக் பைலில் பாஸ்வேர்டை அனுமதி என்று எழுதினாலும் சேர்வர் கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலான சாவிப் பைல்) மட்டும்தான் வேண்டும் என்று அடம்பிடித்தது. தேடிப் பார்த்தால், கிளவுட் இனிட் என்ற பெயரில் பக்கத்துப் போல்டரில் இன்னொரு சின்னப் பைல் இருந்து அனுமதி இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. அதைத்தான் முதலில் வாசிக்கும், முதலில் வாசிக்கிற வரிதான் செல்லும், பிறகு வருகிறதை எஸ்எஸ்எச் கணக்கிலேயே எடுக்காது. அந்தப் பைலை அழிக்காதீர்கள், அது எங்களுக்கு நல்லது. நிர்வாக யூசர் கீயோடு மட்டுமே வரட்டும், கொன்பிக்கின் கடைசியில் மேட்ச் குறூப் என்று ஒரு பகுதி எழுதி, அந்தக் குறூப்புக்கு மட்டும் பாஸ்வேர்டைத் திறந்துவிட்டு, ஆளைத் தன் போல்டருக்குள் அடைக்கிற சிஎச்ரூட் வரியையும் போட்டால் சரி, மேட்ச்சில் எழுதுவது பொதுவாக எழுதியதை மீறும். கடைசியில் என்று சொன்னது காரணத்தோடுதான், மேட்ச்சுக்குக் கீழே வருகிற வரிகள் எல்லாம் அதற்குள்ளேயே போய்ச் சேர்ந்துவிடும். ரீலோட் பண்ணமுதல் எஸ்எஸ்எச்டியை டி ஒப்ஷனோடு ஓட விட்டால் பிழை இருந்தால் சொல்லும். திறந்திருக்கிற விண்டோவை மூடாமல் வேறொன்றில் சோதியுங்கள்.

சரி, பாஸ்வேர்ட் கேட்டது, அடித்தேன், ஏற்றுக்கொண்டது, அடுத்த கணமே தொடர்பு அறுந்தது. பைல் எடுக்கிற செயலியான பைல்சில்லாவில் தெரிவது இணைக்க முடியவில்லை என்பது மட்டும்தான், பாஸ்வேர்டை எத்தனை தரம் மாற்றினாலும் அதே கதை. உண்மையான காரணம் சேர்வரின் ஒத் லொக்கில் (யார் யார் நுழையப் பார்த்தார்கள் என்ற பதிவேட்டில்) இருந்தது. அதுவும் லொக்கின் நேரம் யூரிசியில் (உலகப் பொது நேரத்தில்) ஓடுகிறது, எங்கள் மணிக்கூட்டுக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னால், அதனால் கடைசி வரிகளைப் பார்த்து இது காலையில் நடந்ததாக்கும் என்று கடந்துபோகத்தான் தோன்றும். அங்கே எழுதியிருந்தது: சிஎச்ரூட் போல்டரின் உரிமையோ அனுமதியோ சரியில்லை.

ஆளை அடைத்துவைக்கிற போல்டர் அந்த ஆளுக்கே சொந்தமாக இருக்கக்கூடாது. அது சேர்வரின் தலைமை யூசரான ரூட்டுக்குச் சொந்தமாக இருக்கவேண்டும், குறூப்புக்கோ மற்றவர்களுக்கோ அதில் எழுத அனுமதி இருக்கக்கூடாது, அதற்கு மேலேயுள்ள போல்டர்கள் ஒவ்வொன்றும் அப்படியேதான். வீட்டையே எழுதிக் கொடுக்காமல் ஒரு அறையை மட்டும் வாடகைக்கு விடுவது மாதிரி, உள்ளே இன்னொரு போல்டர் போட்டு அதை யூசருக்குக் கொடுத்தேன், வெளிப் போல்டருக்கு உரிமை ரூட், அனுமதி 755 (உரியவர் மட்டும் எழுதலாம்). உடனே திறந்தது. இப்போது உள்ளே வருகிறவர் எவ்வளவு மேலே ஏறப் பார்த்தாலும் தன் போல்டரைத் தாண்டமாட்டார்.

பாஸ்வேர்டைத் திறந்த அன்றே எங்கெங்கிருந்தோ ரொபோக்கள் ரூட் என்றும் அட்மின் என்றும் தட்டத் தொடங்கிவிட்டன. பிழையாகத் தட்டுகிற ஐபியைப் பூட்டுகிற பெயில்2பான் போட்டேன். அது ஐந்து தரம் பிழைத்தால் பத்து நிமிடம் பூட்டும், ரொறன்ரோவிலுள்ள மாமி ஒருவர் பாஸ்வேர்டைப் பிழையாக அடித்து அடித்தே தன் வீட்டு ஐபியைப் பூட்டிக்கொண்டார். "பத்து நிமிசம் பொறுங்கோ மாமி, ரீ குடிச்சிட்டு வாங்கோ" என்றேன். யூசர் பெயரை இமெயிலில் அனுப்பி பாஸ்வேர்டை மட்டும் போனில் சொல்கிறோம், அதில் பூச்சியமும் ஓ எழுத்தும் வராதபடி பார்த்துக்கொள்கிறேன்.

எல்லாக் கணக்குக்கும் சேஜ் கொமாண்டில் முடிவுத் தேதி போட்டிருக்கிறேன். திகதி வந்தால் கணக்குத்தான் பூட்டும், பைல்கள் அங்கேயே கிடக்கும், அவற்றை நாங்களேதான் அழிக்கவேண்டும். அண்ணை அந்தத் தேதிகளைக் கலண்டரில் சிவப்புப் பேனையால் வட்டம்போட்டு வைத்திருக்கிறார்.