உறைபனி அலாரம்: நீண்ட இஃப் வரியை உடைத்தல்

ஊட்டியை அடுத்த தலைகுந்தா பக்கத்துக் கேரட் தோட்டத்துக்கான உறைபனி அலாரம், அடுத்த கட்டம். ராஸ்பெர்ரி பை (கையடக்கக் கணினி), தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் டிஎஸ்18பி20 வெப்ப சென்சார், காற்றுமானி, சைரன் எல்லாம் தயார். மிச்சம் பைத்தான் புரோகிராமில் ஒரே ஒரு இஃப் (‘இப்படியானால்’) வரி. இரவா, காற்று அடங்கிவிட்டதா, 4 டிகிரிக்குக் கீழா என்று கேட்டுக் கேட்டே அது திரையைத் தாண்டி ஓடுகிறது. (மேகமில்லாத, காற்றில்லாத இரவில் இலை சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். 0 வரும்வரை காத்திருந்தால் பயிர் கருகக்கூடும்.) பைத்தானின் பெப் 8 என்ற எழுத்துநடை வழிகாட்டிப்படி ஒரு வரிக்கு 79 எழுத்துதான்.

வரிக் கடைசியில் பேக்ஸ்லாஷ் (\) போட்டு உடைப்பது வேண்டாம். அதன் பின்னால் ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டாலே சின்டாக்ஸ் எரர் (இலக்கணப் பிழை). அந்த ஸ்பேஸ் கண்ணுக்கும் தெரியாது. அந்த வரியில் கமென்ட்டும் (குறிப்பு) எழுத முடியாது. அடைப்புக்குறி போதும். தமிழெழுத்தில் எழுதினால் இப்படி (‘நன்’ என்றால் மதிப்பே இல்லை, ‘அண்ட்’ என்றால் மேலும், ‘ஆர்’ என்றால் அல்லது):

இஃப் (
        வெப்பம் இஸ் நாட் நன்
        அண்ட் (மணி >= 22 ஆர் மணி < 7)
        அண்ட் வெப்பம் < 4
        அண்ட் காற்று < 2
):

உள்வரிகளுக்கு 8 ஸ்பேஸ். 4 விட்டால் கீழே வரும் கட்டளைகளோடு கலந்து தெரியும்.

‘அண்ட்’ வரியின் தொடக்கத்தில் இருப்பதால், சோதிக்கும்போது எந்த நிபந்தனையையும் முன்னால் ஒரு # (கமென்ட் குறி) போட்டு அணைக்கலாம், முதல் வரியைத் தவிர. அதை அணைத்தால் அடுத்த வரி ‘அண்ட்’டில் தொடங்கி எரர் வரும். ஆகவே ஒருபோதும் அணைக்கத் தேவையில்லாத ‘நன்’ சோதனைதான் அங்கே உட்கார வேண்டும். அது முதலில் வர இன்னொரு காரணமும் உண்டு: ஒயர் கழன்றாலோ, பவர் வந்ததும் சென்சார் காட்டும் 85 டிகிரி வந்தாலோ, வெப்பத்தைப் படிக்கும் ஃபங்ஷன் ‘நன்’ தரும்படி எழுதியிருக்கிறது. முதல் வரியிலேயே பொய்யானால் பைத்தான் மற்றதைப் பார்க்காது. அழகுக்காக, எல்லாம் உண்மையா என்று பார்க்கும் ‘ஆல்’ ஃபங்ஷனுக்குள் பட்டியலாகப் போட்டால் எல்லாமே கணக்கிடப்படும். ‘நன் < 4’ என்ற இடத்தில் டைப் எரர் வந்து புரோகிராம் நின்றுவிடும்.

பட்டியல் எழுதும் பழக்கத்தில் கடைசி நிபந்தனைக்குப் பின் காற்புள்ளி வைத்தால் எரர்கூட வராது. முழு அடைப்பும் டியூபிள் (மதிப்புகளின் தொகுப்பு) ஆகி, காலியாக இல்லாததால் எப்போதும் உண்மையாகும், சைரன் ஓயாது.

மணி வரியின் உள் அடைப்புக்குறியை எடுத்துவிடக் கூடாது. ‘அண்ட்’ ‘ஆர்’ஐவிட இறுக்கமாகப் பிணையும் என்பதால், 22 மணி ஆனாலே மற்ற நிபந்தனைகள் அடிபட்டுப்போகும். சோதிக்க: இரவு 11 மணிக்கு சென்சாரைக் கையில் பொத்திப் பிடியுங்கள். சைரன் அடித்தால் அடைப்புக்குறி விட்டுப்போயிருக்கிறது. அடுத்து ஐஸ் போட்ட டம்ளரில் முக்குங்கள். காற்று அடங்கியிருந்தால் அடிக்க வேண்டும்.