தே தாரிக்கும் நியூட்டனின் மூன்றாம் விதியும்

உயர்நிலை 3 படிக்கும் அக்கா மகனுக்கு இயற்பியல் சொல்லித்தரும் பொறுப்பு என் தலையில். வீட்டில் உட்கார மாட்டான், கோப்பிக்கடைதான் வேண்டுமாம். சரி.

மேசைமேல் தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) இருந்த குவளையைக் காட்டி, "பூமி இதைக் கீழே இழுக்குது. அதுக்கு எதிர்விசை எது?" என்றேன்.

"மேசை மேல தள்ளுதே மாமா, அதுதான்."

நிறையப் பேர் வழுக்கும் இடம் இது. இரண்டும் அளவில் சமம், திசையில் எதிர். ஆனால் இரண்டுமே குவளைமேல்தான் செயல்படுகின்றன. ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்பது மூன்றாம் விதி. அது சொல்லும் இணைவிசைகள் எப்போதும் இரு வேறு பொருள்கள்மேல் இருக்கும்.

"மேசையை எடுத்துட்டா?" என்றேன். தள்ளும் விசை காணாமல் போகும், பூமியின் இழுப்பு அப்படியே இருக்கும். அப்போது அதற்கு இணை? குவளை பூமியை மேலே இழுப்பதுதான்! நம்ப முடியாமல் பார்த்தான்.

ஈர்ப்பு முடுக்கத்தை (விழும் பொருளின் வேகம் வினாடிக்கு வினாடி கூடும் அளவு) 10 மீ/வி² என்று வைத்தால், 300 கிராம் குவளைமேல் பூமியின் இழுப்பு 3 நியூட்டன் (விசையின் அலகு). பூமிமேலும் அதே 3 நியூட்டன்தான். பூமியின் நிறையோ, ஏறத்தாழ 6-க்குப் பின் 24 சுழியம் போட்ட கிலோ. எங்கே அசைவது!

மேசை தள்ளுவதற்கு இணை, குவளை மேசையை அழுத்துவது. இதை அவனே சொன்னான். அப்புறம் இன்னொரு பரோட்டாவும் கேட்டான்.