எள்ளுப்பாட்டியைத் தேடும் வேலை: இதுவரை கிடைத்தவை

என் கொள்ளுத்தாத்தாவின் அம்மாவைப் பற்றி வீட்டில் தெரிந்தவை இரண்டே செய்திகள். தாது வருஷப் பஞ்சத்தில் அவர் கைக்குழந்தை. அப்புறம், சின்ன வயதில் சுமங்கலியாகச் செத்துப்போன அவருக்குத்தான் நாங்கள் பூவாடைக்காரி படையல் போடுகிறோம். பெயர்கூட யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை.

தாது வருஷம் என்றால் 1876 சித்திரையிலிருந்து 1877 பங்குனி வரை. அறுபது வருஷச் சுற்றில் அடுத்த தாது 1936இல்தான் வருகிறது, அதனால் குழப்பத்துக்கு இடமில்லை. சென்சஸில் தேடலாம் என்று சிலர் சொன்னார்கள். மதராஸ் மாகாண சென்சஸில் அச்சானவை எண்ணிக்கைகள் மட்டுமே, ஆள் பெயர்கள் இல்லை. அந்த வழியை விட்டுவிட்டேன்.

உருப்படியாகக் கிடைத்தது பெரியப்பா வீட்டு ட்ரங்குப் பெட்டியில் இருந்த அடமானப் பத்திரம். ஏழாம் எட்வர்ட் தலை போட்ட முத்திரைத் தாள், வட ஆற்காடு ஜில்லா வந்தவாசி தாலுகா, 1908, கீலக ௵ ஆவணி ௴. இந்தச் சுழிக் குறிகளும் (௵ வருஷம், ௴ மாதம்) தமிழ் எண்களும் பழகினால் மீதி எழுத்து தானாகப் பிடிபடும். மடிப்பில் மை போன இடங்களைச் செல்போனில் படமெடுத்து, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் படித்தேன்.

எழுதிக்கொடுத்தவர் ஒரு பெண். 'மைனர் குமாரனுக்குத் தாயும் கார்டியனுமான' என்று வருகிறது. அந்த மைனர் என் கொள்ளுத்தாத்தா. கீழே தற்குறிக் கீறல், அதன் பக்கத்தில் பத்திரம் எழுதியவர் கையால் அந்தப் பெண்ணின் பெயர். அந்தக் கீறலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் அவர் கைபட்டு மிஞ்சியது அது ஒன்றுதான். பெயரை இங்கே எழுதவில்லை, அதே பெயரில் குடும்பத்தில் இப்போதும் ஒருவர் இருக்கிறார். பாட்டி பெயரைப் பேத்திக்கு வைக்கும் பழக்கத்தால் பெயர் தங்கிவிட்டது, யாருடையது என்பதுதான் மறந்துபோயிருக்கிறது.

சரி, தாயே கார்டியன் என்பதால் புருஷன் காலமான பிறகு எழுதிய பத்திரம் இது. அப்படியென்றால் இவர் பூவாடைக்காரியாக இருக்க முடியாது, சுமங்கலியாகப் போனவருக்குத்தான் அந்தப் படையல். படையல் வாங்குகிறவர் மூத்த தாரம், பிள்ளையை வளர்த்து ஆளாக்கியவர் இளைய தாரம் என்பதுதான் என் முடிவு. இரண்டு பெண்களை வீட்டுப் பேச்சு ஒரே ஆளாக்கிவிட்டது. அப்பா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. பத்திரத்தை வாசித்துக் காட்டியதும், "அப்போ இந்த அம்மாவுக்கு நாம ஒண்ணுமே செய்யலியேடா" என்றார்.

பழைய பத்திரம் கையில் இருப்பவர்கள் எல்லை விவரத்தைத் தாண்டிப் போகாதீர்கள். பெண்களை இன்னார் மனைவி என்று எழுதி முடித்துவிடுவார்கள், பிறந்த வீடு தெரியாது. இதில் அடமானம் வைத்த நிலங்களில் ஒன்று வேறு ஊரில் இருக்கிறது. 'என் தகப்பனார் எனக்கு மஞ்சக்காணியாக விட்ட' நிலம், அதாவது பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் சீதனமாகக் கொடுத்த நிலம் என்று சொல்லி அந்தத் தகப்பனார் பெயரையும் எழுதியிருக்கிறார்கள். அந்த நிலத்தின் வடக்கெல்லைக்காரர் 'மேற்படியார் குமாரர்', அதாவது எள்ளுப்பாட்டியின் அண்ணனோ தம்பியோ. ஒரே வாக்கியத்தில் தாய்வீட்டு ஊர், அப்பா, கூடப்பிறந்தவர் எல்லாம் கிடைத்துவிட்டது!

இனி சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்த ஊருக்கான தேடல். 1908 பதிவுச் சட்டப்படி அசையாச் சொத்து ஆவணங்கள் முதலாம் புத்தகத்தில் இருக்கும், கட்டணம் கட்டினால் யாரும் நகல் கேட்கலாம். பெயர் அட்டவணை ஒன்று, சொத்து அட்டவணை ஒன்று எனத் தனித்தனியாக இருப்பதால் சகோதரர் பெயரை வைத்தும் தேடலாம். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அந்த ஊரின் செட்டில்மெண்ட் ரிஜிஸ்டரையும் (நில அளவை, தீர்வைப் பதிவேடு) கேட்கப் போகிறேன்.

மூத்த தாரத்துக்குப் பிள்ளை இருந்ததா என்பது தனிக் கேள்வி. பாகம் பிரியாத ஆண்பிள்ளை அப்போது உயிரோடு இருந்திருந்தால் 1908 அடமானத்தில் அவர் பெயரும் வந்திருக்க வேண்டும், வரவில்லை. பங்காளி வீட்டில் 1900க்கு முந்தைய பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று இருப்பதாகச் சித்தப்பா சொல்கிறார். அதைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.