சர்க்கரை கட்டிய ஊர்: கியூபாவின் திரினிடாட்

கியூபா போகிறவர்களில் பலர் ஹவானாவோடு திரும்பிவிடுகிறார்கள். ஹவானா அழகுதான். சாயங்காலமானால் ஊரே வந்து உட்காரும் மலெக்கோன் கடற்கரைச் சுவர், இரவு 9 மணிக்குக் கபானா கோட்டையில் முழங்கும் பீரங்கி, தெருவெல்லாம் ஓடும் 1950களின் அமெரிக்கக் கார்கள் எல்லாமே மனதில் நிற்கும். சிதைந்து கிடந்த பழைய நகரத்தைக் கட்டடம் கட்டடமாக மீட்டெடுத்த வரலாற்றாசிரியர் எவுசேபியோ லியலுக்கு அங்கே நடக்கும் ஒவ்வொருவரும் கடன்பட்டவர்கள். ஆனால் இந்தத் தீவுக்கு இத்தனை செல்வம் எப்படி வந்தது, யாருடைய உழைப்பில் வந்தது என்று பார்க்க வேண்டுமானால் தென்கரைக்குப் போக வேண்டும்.

திரினிடாட் என்றதும் கிரிக்கெட்டில் கேள்விப்பட்ட நாடு நினைவுக்கு வரலாம். இது வேறு, கியூபாவுக்குள் இருக்கும் சின்ன ஊர். ஹவானாவிலிருந்து பஸ்ஸில் ஆறேழு மணி நேரம். வழியில் சியென்ஃபுவேகோஸ் வரும். 1819ல் பிரெஞ்சுக் குடியேறிகள் உருவாக்கிய நகரம், நேர்நேரான தெருக்கள், அகன்ற வளைகுடா. நான் அங்கே அதிகம் தங்கவில்லை.

திரினிடாட்டை 1514ல் நிறுவியவர் ஸ்பானியத் தளபதி தியேகோ வெலாஸ்கெஸ். கரடுமுரடான கல் பாவிய தெருக்கள், செவ்வோட்டுக் கூரைகள், தரையிலிருந்து எழும் உயரமான ஜன்னல் கம்பிகள். அந்தக் கம்பிகளுக்குள்ளே வரவேற்பறையும் ஆடும் நாற்காலியும் அதில் உட்கார்ந்திருக்கும் பாட்டியும் தெருவிலிருந்தே தெரிகிறார்கள். பிளாசா மயோர் சதுக்கத்தைச் சுற்றி நிற்பவை சர்க்கரை முதலாளிகளின் மாளிகைகள். புரூனெட் மாளிகை இப்போது அருங்காட்சியகம். ஐரோப்பியப் பீங்கானும் பளிங்குத் தரையுமாக இழைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்து வியந்துவிட்டு அப்படியே கடற்கரைக்குப் போய்விடாதீர்கள் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஊரிலிருந்து சுமார் 15 கி.மீ. தள்ளி இருக்கிறது ஆலைகளின் பள்ளத்தாக்கு. பங்கு டாக்ஸியில் போய் மனாக்கா இஸ்னாகா என்ற பழைய பண்ணையில் இறங்கினேன். அங்கே 45 மீட்டர் உயரத்தில் ஒரு கோபுரம். ஏழு அடுக்கு, மேலே போகப் போகச் சிறுத்து, தூரத்திலிருந்து தேவாலய மணிக்கூண்டு போலவே தெரிகிறது. மரப்படிகளில் ஏறி மேலே நின்றால் எஸ்காம்பிராய் மலைவரை பள்ளத்தாக்கு முழுவதும் கண்ணுக்குள் அடங்குகிறது. அதற்காகத்தான் கட்டினார்கள். கரும்புக் காட்டில் யார் வேலை செய்கிறார், யார் ஓடப் பார்க்கிறார் என்று மேலிருந்தே கண்காணித்தார்கள். வேலை தொடங்கவும் முடியவும் இங்கிருந்துதான் மணி அடித்தது. அந்தப் பெரிய மணி இப்போது கீழே தரையில் இருக்கிறது. பக்கத்தில் நின்று எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

உச்சக் காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் 50க்கும் மேற்பட்ட ஆலைகள் ஓடின. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களும் இங்கேயே பிறந்தவர்களுமாக 30,000க்கும் மேற்பட்ட அடிமைகள் உழைத்தார்கள். வெட்டிய கரும்பை உடனே பிழியாவிட்டால் சாறு கெட்டுவிடும். அதனால் அறுவடை மாதங்களில் ஆலைக் கொப்பரைகள் இரவு பகலாகக் கொதித்தன. கியூபாவில் அடிமைமுறை ஒழிந்தது 1886ல்தான். கோபுரத்துக்கு இஸ்னாகா குடும்பத்தின் பெயர் இருக்கிறது. கொப்பரை அருகே நின்றவர்களின் பெயர்களை அங்கே தேடினேன். என் கண்ணில் ஒன்றும் படவில்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

பண்ணை வீட்டுக்குப் பின்னால் பழைய மரச் செக்கில் கரும்பு பிழிந்து தருகிறார்கள். வழியெங்கும் பெண்கள் கையால் பின்னிய வெள்ளை மேஜைவிரிப்புகளைக் கொடியில் கட்டி விற்கிறார்கள். ஒரு காலத்தில் கரும்பு நின்ற நிலத்தில் இன்று பெரும்பகுதி மேய்ச்சலும் புதரும்தான்.

ஊர் இவ்வளவு பழமையாக நிற்பதற்கும் இதுவே காரணம். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மண் சலித்தது, ஐரோப்பாவின் பீட்ரூட் சர்க்கரை போட்டிக்கு வந்தது, 1868ல் விடுதலைப் போர் வெடித்தது, வணிகம் சியென்ஃபுவேகோஸுக்கு நகர்ந்தது. இடித்துப் புதிதாகக் கட்டத் திரினிடாட்டில் கையில் காசு இல்லை. அப்படியே நின்றுபோன ஊரையும் பள்ளத்தாக்கையும் சேர்த்து 1988ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. இரண்டையும் சேர்த்து ஏற்றியது எவ்வளவு சரி என்று கோபுரத்திலிருந்து இறங்கும்போது புரிந்தது.

ஆனால் ஆலையோடு அந்த மக்கள் மறைந்துவிடவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் யொருபா மக்கள் கொண்டுவந்த தெய்வங்கள் கத்தோலிக்கப் புனிதர்களின் உருவங்களுக்குள் ஒளிந்து பிழைத்தன. கடலன்னை யெமாயா ரெக்லா மாதாவாக இன்றும் நீல ஆடையில் வணங்கப்படுகிறாள். இரவில் தேவாலயத்தை ஒட்டிய படிக்கட்டில் இசை தொடங்கினால், முரசு அடிப்பவர் கையில் அந்த ஆப்பிரிக்கக் கரையின் தாளம்தான். புனிதரை மறந்தாலும் தாளத்தை மறக்க மாட்டார்கள் போல.

வீடுகளில் வாடகைக்கு அறை தருகிறார்கள்; கதவில் நங்கூரம் போன்ற குறி இருக்கும். சாப்பாடும் அங்கேயே. கறுப்பு பீன்ஸ் போட்ட சோறு, பூண்டும் புளிப்பு ஆரஞ்சும் ஊற்றிய மரவள்ளிக்கிழங்கு. மரவள்ளியை ஸ்பானியர் வருமுன்பே தைனோ பழங்குடியினர் இங்கே அப்பமாகச் சுட்டுத் தின்றார்கள். மின்வெட்டு அடிக்கடி உண்டு, டார்ச் வைத்துக்கொள்ளுங்கள். பணத்தை நோட்டாகவே எடுத்துப் போங்கள்.

காலையில் காப்பி கொடுத்த வீட்டுக்கார அம்மா, கிண்ணத்திலிருந்து அரைக் கரண்டி சர்க்கரையை மட்டும் அள்ளிப் போட்டார். ரேஷனில் இந்த மாதச் சர்க்கரை இன்னும் வரவில்லையாம். 2002ல் நாட்டின் ஆலைகளில் ஏறத்தாழ பாதியை அரசு மூடியது. உலகுக்கே சர்க்கரை ஏற்றுமதி செய்த தீவு அண்மை ஆண்டுகளில் வெளிநாட்டிலிருந்து சர்க்கரை வாங்குகிறது.